பத்துக்கு எத்தனை?

புனித வாரம் வந்தால் எங்கள் தீவில் டாக்டரும் கடற்கரைக்குப் போவார், கம்பவுண்டரும் போவார். நோயாளி மட்டும் வீட்டுக்குப் போவான். அப்படித்தான் புதன்கிழமை காலை என்னையும் அனுப்பி வைத்தார்கள். முந்தின நாள் மதியம்தான் வலது தோள்பட்டையைத் திறந்து தைத்திருந்தார்கள். இருபத்திரண்டு வருஷமாகத் தலைநகர் சாந்தோ தொமிங்கோ பாதையில் மினி பஸ் ஓட்டுகிறவன் நான். அதற்கும் முன், பையனாக இருந்தபோது, ஆறு வருஷம் பேஸ்பாலில் பந்து வீசியவன். தோளில் இவ்வளவு ஜவ்வு மிச்சமிருந்ததே அதிசயம் என்றார் டாக்டர்.

கிளம்பும்போது நர்ஸ் யொகாஸ்தா காகிதத்தோடு வந்து நின்றாள்.

"ராதமெஸ் அண்ணே, வலி பத்துக்கு எத்தனை?"

"ரெண்டு."

"ஊசி போட்டு கையை மரத்துப்போக வெச்சிருக்கு. சாயங்காலம் அது இறங்கினா தெரியும் சேதி. நெசத்தைச் சொன்னாத்தான் டாக்டர் நல்ல மாத்திரை எழுதுவாரு."

"ரெண்டுன்னா ரெண்டுதான். எழுதும்மா."

இது ஒரு வியாதி. இந்தத் தீவில் பந்து வீசுகிற பையன்கள் எல்லாருக்கும் உண்டு. அமெரிக்காவிலிருந்து ஆள் பொறுக்க வருகிறவன் தோளை அமுக்கிப் பார்த்து "வலிக்குதா?" என்பான். எலும்பு நொறுங்கினாலும் பல்லைக் காட்டிச் சிரித்து "இல்லை" என்று சொல்ல வேண்டும். வலிக்கிறது என்று சொன்னவன் மறுநாள் கரும்பு வெட்டப் போக வேண்டியதுதான். எனக்கு ஐம்பத்தொரு வயது. இனி என்னை யாரும் பொறுக்கப் போவதில்லை. ஆனாலும் வாய் பழக்கத்தை விடவில்லை. டாக்டர் பாராசிட்டமால் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுக் காரில் ஏறினார்.

எங்கள் வீடு மூன்றாவது மாடி, ஏறுவதற்கு வளைந்து வளைந்து போகும் இரும்புப் படி. அதனால் என் மனைவி மில்கேயா அவளுடைய சித்தி மகனின் பழைய மரவீட்டுக்குக் கூட்டிப் போனாள். அவன் குடும்பத்தோடு நியூயார்க்கில் இருக்கிறான். கடலுக்கு நாலு வீடு தள்ளித் தகரக் கூரை, முன்னால் வராந்தா. வேலிக்கு அந்தப் பக்கம் அதே மாதிரி இன்னொரு வீடு, பூட்டிக் கிடந்தது. படுக்கக்கூடாது, சாய்ந்துதான் தூங்க வேண்டும் என்றிருந்தார்கள். வராந்தாவில் நாற்காலி போட்டு, முதுகுக்கு மூன்று தலையணை வைத்து மகாராஜா மாதிரி உட்கார்ந்தேன்.

சாயங்காலம் ஊசி இறங்கியது.

உயிர் போய் உயிர் வந்தது. தோளுக்குள் யாரோ திருப்புளியை விட்டு நிதானமாகத் திருகினார்கள். எழுந்தால் வலி, உட்கார்ந்தால் வலி, மூச்சு விட்டால் வலி. பாராசிட்டமால் கிணற்றில் போட்ட கல்லாகப் போனது. டாக்டரின் போன் அணைந்திருந்தது. வியாழன் காலை மில்கேயா மருந்துக் கடை கடையாக அலைந்தாள். திறந்திருந்த ஒரே கடையில் சீட்டு இல்லாமல் தரமாட்டேன் என்றுவிட்டான்.

"ரெண்டாம்ல ரெண்டு!" திரும்பி வந்தவள் கத்தினாள். "யோவ், அந்தப் புள்ள படிச்சுப் படிச்சுச் சொல்லுச்சே! பெரிய வீரன், வலியே இல்லையாம்! இப்ப எதுக்குய்யா நாற்காலியைக் கடிக்கிற?"

"யொகாஸ்தாவுக்குப் போன் பண்ணவா?"

"பண்ணு. எத்தனைன்னு சொல்லுவ?"

வெட்கமாக இருந்தது. பண்ணவில்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். எனக்கு வந்தும் தெரியவில்லை, அவ்வளவு வீம்பு.

அன்று தெருவெல்லாம் பீன்ஸ் பாயசம் மணந்தது. புனித வாரத்தில் தேங்காய்ப்பாலும் கிராம்பும் சர்க்கரைவள்ளியும் போட்டு அண்டா அண்டாவாகக் காய்ச்சி, வீட்டுக்கு வீடு கிண்ணத்தில் அனுப்புவோம். யார் நீட்டினாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்கிய கிண்ணத்தை வெறுமனே திருப்பக்கூடாது. எதிர்வீட்டு கில்வியோ, மில்கேயாவின் பள்ளிக்கூடச் சிநேகிதன், இரண்டு கிண்ணம் கொண்டுவந்தான். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

பெரிய வெள்ளி மதியம் மில்கேயா கோயிலுக்குப் போனாள்.

அன்றைக்கு ஆணி அடிக்கக்கூடாது, பெருக்கக்கூடாது, பாட்டுப் போடக்கூடாது. உச்சி வெயிலில் தெரு செத்துக் கிடந்தது. என் மூச்சு மட்டும் கேட்டது. வலியைப் பிடித்து வைத்திருப்பவன் மூக்கால் விடும் மூச்சு. ஹும். ஹும். ஹும்.

பிறகு இரண்டு மூச்சு கேட்டது.

நான் நிறுத்தினேன். மற்றது நிற்கவில்லை.

ஹும். ஹும்.

நனைந்து மக்கிய மரத்தின் வாடை வந்தது. மழை பெய்து மூன்று வாரம். வேலியோரம் ஒரு பெண் நின்றிருந்தாள். நாற்பது வயதிருக்கும். வலது கையை மாவுச் சாக்குத் துணியால் மார்போடு கட்டியிருந்தாள். துணிக்கு வெளியே தெரிந்த விரல்கள் வீங்கிக் கறுத்திருந்தன. இடது கையில் நீல எனாமல் கிண்ணம்.

"தம்பி," என்றாள் மெதுவாக. "எவ்வளவு வலிக்குது?"

என் கை மாதிரியே அவள் கையும் கட்டியிருந்தது. அதனால்தானோ என்னவோ, ஐம்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக வாய் உண்மையைச் சொன்னது.

"பத்து, அக்கா. தாங்க முடியல. செத்துடலாம் போல இருக்கு."

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் தலையாட்டினாள்.

"எனக்கும்தான். சாப்பிடு."

கிண்ணத்தை வாங்கினேன். எங்கள் ஊரில் யார்தான் வாங்காமல் இருப்பார்கள்? பாயசம் ஐஸ் மாதிரி குளிர்ந்திருந்தது. கிராம்பு வாசம் இல்லை, மக்கிய மரத்தின் வாடைதான். ஒரு வாய் விழுங்கினேன்.

வலி போனது.

குறையவில்லை. போனது. தோள் இருக்கிற நினைவே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் வேலியோரம் யாருமில்லை. ஹும் என்ற அந்த மூச்சு மட்டும் பூட்டிய வீட்டுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்தது. அதைப் பற்றி யோசிக்கக்கூட எனக்குத் தெம்பில்லை. இரண்டு ராத்திரியாகத் தூங்காதவன், அப்படியே தூங்கிப்போனேன்.

மில்கேயா வந்து எழுப்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. நடந்ததைச் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை.

"பக்கத்து வீட்டுல ஆள் இருக்காங்களா? நல்ல மனுஷி. கிண்ணத்தைக் குடு, நம்ம பாயசத்தை ஊத்திக் குடுத்துட்டு வரேன். வெறுங்கிண்ணத்தோடயா போறது?"

"நாளைக்குப் போயேன்."

"ஏன், அதுக்குள்ள என்னைப் பிரிஞ்சு இருக்க முடியலயாக்கும்?"

சிரித்துக்கொண்டே போனாள். பத்து நிமிஷம் ஆனது. இருபது ஆனது. வேலிக்கு அந்தப் பக்கம் அந்த மூச்சுச் சத்தம் சட்டென்று நின்றது.

மில்கேயா படியேறி வந்தாள். கையில் கிண்ணம் இல்லை. முகம் சாம்பலாக இருந்தது. இடது கையால் வலது தோளைப் பிடித்திருந்தாள்.

ஹும். ஹும். ஹும்.

"கதவு திறந்திருந்துச்சு," என்று முணுமுணுத்தாள். "உள்ள தரையே இல்லய்யா, வெறும் மணலு. கிண்ணத்தை வாங்கிக்கிட்டு என் கையைப் பிடிச்சா. 'நீயாவது கொஞ்ச நேரம் வெச்சுக்கோம்மா'ன்னா."

அவளால் வலது கையை அசைக்க முடியவில்லை. அந்தக் கையால்தான் அவள் இருபது வருஷமாக ஊர்ப் பெண்களுக்கு முடி அலங்காரம் செய்கிறாள். தோள் கெட்டு நான் பஸ் ஓட்டாத இந்த ஆறு மாசமும் எங்களுக்குச் சோறு போட்டது அந்தக் கைதான். சட்டையை விலக்கிப் பார்த்தேன். காயமில்லை, வீக்கமில்லை. தொட்டதும் அலறினாள். என் வலி எனக்குத் தெரியாதா? அதேதான். நான் சுகமாகத் தூங்கிய நேரத்துக்கு அவள் துடித்தாள். என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சத்தம் கேட்டு கில்வியோ ஓடி வந்தான். மாவுச் சாக்குத் துணி என்றதும் உட்கார்ந்துவிட்டான்.

"அந்தப் பக்கத்து வீட்டு எனேரியாக்கா," என்றான். "பெரிய புயல்ல உத்தரம் தோள்ல விழுந்துச்சு. பாலம் போயிடுச்சு, ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்ல. ஒன்பது நாள் கத்திக் கத்தியே செத்தாங்க. தெருவே கேட்டுச்சு. கஞ்சி கொண்டுபோனோம், பாயசம் கொண்டுபோனோம், ஜெபம் பண்ணோம். 'பொறுத்துக்கோ, பொறுத்துக்கோ'ன்னோம். எங்க அப்பாவுக்குப் பல்லுவலின்னு அலமாரியில ஒரு பட்டை மாத்திரை இருந்துச்சு. குடுக்கணும்னு யாருக்கும் தோணல."

நான் போனை எடுத்தேன். யொகாஸ்தா எடுத்தாள்.

"எத்தனை அண்ணே?"

"பத்து."

"காலையில ஆளை அனுப்புங்க. டியூட்டி டாக்டர்கிட்ட எழுதி வாங்கி வெக்கிறேன்," என்றாள்.

சனிக்கிழமை விடிந்ததும் கில்வியோ மோட்டார் சைக்கிளில் போய் வாங்கி வந்தான். பதினாலு மாத்திரை. மில்கேயாவுக்கு ஒன்று கொடுத்தேன். மணி ஒன்றானது, இரண்டானது. பலன் இல்லை. அவள் என் மடியில் தலைவைத்து ஹும் ஹும் என்று மூச்சு விட்டாள்.

படியில் நீலக் கிண்ணம் இருந்தது.

கழுவித் துடைத்து, காலியாக.

எங்கள் ஊரில் கிண்ணம் வெறுமனே திரும்பாது. திரும்பினால், கேட்கிறார்கள் என்று அர்த்தம். ஒரு மாத்திரையைப் போட்டேன். ஒரு தம்ளர் தண்ணீர் பக்கத்தில் வைத்து, வேலியோரம் கொண்டுபோய் விட்டேன்.

"அக்கா," என்றேன். "இதைப் போட்டுக்க. என் வலியை என்கிட்டயே குடுத்துடு. அவ கையை விட்டுடு."

திரும்பி நாலு அடி வைத்திருப்பேன். தோளுக்குள் திருப்புளி இறங்கியது. மண்ணில் விழுந்தேன். விழுந்தபடியே சிரித்தேன். வராந்தாவில் மில்கேயா வலது கையைத் தலைக்கு மேல் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு தினம் எனக்கு ஒன்று, எனேரியாக்காவுக்கு ஒன்று. நாள் சாயும்போது மில்கேயாவின் கை மரக்கட்டையாக ஆரம்பிக்கும். நான் ஓடிப்போய்க் கிண்ணத்தில் போடுவேன், சரியாகும். ஒருத்தனுக்கு எழுதிய மருந்தில் இரண்டு பேர் வலியை ஓட்டினோம். ஆறு நாள். கடைசி மாத்திரையை வெள்ளிக்கிழமை எனேரியாக்காவுக்கே வைத்தேன்.

சனிக்கிழமை தையல் பார்க்கப் போனேன். மில்கேயா எங்கள் வீட்டுக்குச் சாமான் கட்டிக்கொண்டிருந்தாள். மூன்று மாடியும் என்னைத் தூக்கிக்கொண்டாவது ஏறிவிடுவோம், இந்த இடத்தை விட்டால் போதும் என்றிருந்தாள். டாக்டர் வெயிலில் கறுத்து வந்திருந்தார்.

"காயம் அருமையா ஆறியிருக்கு. வலி எத்தனை?"

"பத்து, டாக்டர்."

அவர் சிரித்தார். "அறுத்த மறுநாள் ரெண்டு, இப்ப பத்தா? இந்த மாத்திரை ருசி கண்டா விடாதுய்யா. பாராசிட்டமால் போதும்."

கெஞ்சினேன். காலில்கூட விழப் பார்த்தேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். வெளியே வந்து சுவரில் சாய்ந்தேன். மணி நாலு. ஆறரைக்கு இருட்டிவிடும்.

யொகாஸ்தா பின்னாலேயே வந்து என் சீட்டை வாங்கினாள். தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"மாத்திரை உங்களுக்கா, அவங்களுக்கா?"

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன்.

"எங்க அம்மா அந்தத் தெருவுல பாயசம் வாங்கிச் சாப்பிட்டாங்க," என்று கிசுகிசுத்தாள். "ஏழு வருஷம் ஆச்சு. வீடு மாத்திப் பார்த்தோம், ஊரு மாத்திப் பார்த்தோம். இப்ப மலைமேல இருக்கோம், கடல் கண்ணுக்கே தெரியாது. சாயங்காலம் ஆனா படியில கிண்ணம் இருக்கும்."

"ஒரு நாள் வெக்கலன்னா?"

அவள் பேனாவை எடுத்தாள். சுவரில் சீட்டை வைத்து வேறு டாக்டர் ஒருவரின் பெயரை எழுத ஆரம்பித்தாள். அப்போதுதான் பார்த்தேன். இடது கையால் எழுதிக்கொண்டிருந்தாள். வலது கை சட்டைப் பைக்குள் செருகியபடி அசையாமல் கிடந்தது.