கோகியின் தாகம்

சுரைக்குடுவையில் சாறு குறைந்திருந்தது.

யாரி குனிந்து பார்த்தாள். மரவள்ளிக் கிழங்கைத் துருவி, அப்பத்துக்காக அம்மா பிழிந்து வடித்த வெள்ளைச் சாறு அது. பக்கத்தில் இருந்த சின்னக் கிண்ணத்தைக் காணோம். தம்பி கோகியையும் காணோம்.

அவள் சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தாள்.

காய்ச்சாத சாறு விஷம். போன மழைக்காலத்தில் எதிர்க்குடிசை நாய் அதை நக்கிவிட்டது. குரைக்கத் தெரியாத அந்தச் சாதுவான நாய், கடற்கரைவரைகூடப் போகவில்லை. வழியிலேயே விழுந்துவிட்டது.

"அம்மா! தம்பி எங்கம்மா?"

அப்பக்கல்லைச் சூடாக்கிக்கொண்டிருந்த அம்மா திரும்பினாள். குடுவையைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"ஐயோ, யூகாகூ சாமி! கிழங்கைக் குடுத்த சாமி, என் பிள்ளையைக் காப்பாத்து! டேய் கோகி! எங்கடா இருக்க?"

குடிசைகளிலிருந்து பெண்கள் ஓடிவந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் கத்தினார்கள்.

யாரிக்கு ஒன்று நினைவு வந்தது. அத்தையின் கொய்யாப்பழத்தை எடுத்து மாட்டிக்கொண்டபோது கோகி என்ன செய்தான்? யாரும் பிடுங்குவதற்குள் முழுசாக வாயில் திணித்துக்கொண்டான்!

"அம்மா, கத்தாதீங்க! பயந்துபோய் மடக்குன்னு குடிச்சிருவான்!"

அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

மண்ணில் வெள்ளைச் சொட்டுகள் கடற்கரைப் பக்கம் போயின. யாரி அவற்றைப் பார்த்தபடி ஓடினாள். மணலில் இழுத்துப் போட்டிருந்த மரப்படகுக்குள் கோகி உட்கார்ந்திருந்தான். மடியில் கிண்ணம்.

யாரி ஓட்டத்தை நிறுத்தினாள்.

"தம்பி, படகு எங்க போகுது?"

"அந்தத் தீவுக்கு. எல்லாரும் ஏன் கத்துறாங்க? அடிப்பாங்களா?"

"யாரும் அடிக்க மாட்டாங்க. நானும் வரட்டுமா?"

"வா. ஆனா ஆடாம உட்காரணும்." கோகி கிண்ணத்தை உதட்டருகே தூக்கினான். "எனக்குத் தாகமா இருக்கு."

பாய்ந்து பிடுங்கலாமா? எட்டாது. அதற்குள் குடித்துவிடுவான். யாரி மெதுவாகக் கையை நீட்டினாள்.

"எனக்கும் தொண்டை காயுதுடா. ஓடி வந்தேன்ல? முதல்ல எனக்குத் தர்றியா?"

கோகி யோசித்தான். கிண்ணத்தைப் பார்த்தான். அக்காவைப் பார்த்தான்.

"கொஞ்சமாத்தான் குடிக்கணும்" என்று நீட்டினான்.

கிண்ணம் கைக்கு வந்ததும் யாரி அதை மணலில் கவிழ்த்தாள்.

"ஐயையோ! ஏன் கொட்டுன?" கோகி ஓவென்று அழுதான்.

"நீ குடிச்சியா? ஒரு வாய்கூட? உண்மையைச் சொல்லுடா!"

"இல்ல! படகு கிளம்பினப்புறம் குடிக்கலாம்னு வச்சிருந்தேன்!"

யாரி அவன் உதட்டைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. வாயை மோந்து பார்த்தாள். சாற்று வாடை இல்லை. பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அவளும் அழுதாள்.

அம்மா மூச்சிரைக்க வந்து இருவரையும் சேர்த்து அணைத்தாள். பின்னால் வந்த பெண்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

கோகி எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தான்.

"எல்லாரும் அழறீங்க. எனக்கு யாராச்சும் தண்ணி குடுங்களேன்!"

அவ்வளவுதான். குடிசை தவறாமல் குடுவை குடுவையாகத் தண்ணீர் வந்தது.