கதவு திறந்திருக்கும், ரக்ஷனா!

"வீ...ல்!"

ஜாலான் புசார் தெருவின் மதிய இரைச்சலை அந்த அலறல் கிழித்தது.

அலறியவள் ரக்ஷனா. வயது முப்பத்தொன்று. எந்த முதலாளியிடமும் சம்பளம் வாங்காத ஃப்ரீலான்ஸ் போட்டோகிராபர். கட்டடங்களைப் படமெடுப்பது தொழில்.

கீழே கடையும் மேலே வீடுமாய் இருந்த அந்தப் பழைய கடைவீட்டின் பின்னறையில், கழுத்தை எலெக்ட்ரிக் வயர் இறுக்கியிருக்க, விழிகள் பிதுங்கிக் கிடந்தவர்... சுந்தரேசன். கட்டடத்தின் சொந்தக்காரர்!

பத்தே நிமிடத்தில் போலீஸ்.

இன்ஸ்பெக்டர் முகமது யூசுப் அவளுடைய போனைப் பார்த்தார்.

"யார் இந்த ராஜீவ்?"

"தெரியாது சார். நெட்வொர்க்கிங் சைட்ல மெசேஜ் பண்ணாரு. கதவு திறந்திருக்கும், ரெண்டு மணிக்கு வந்து முன் ஹாலை ஷூட் பண்ணுங்க, மூணு மணிக்குப் பின்னறைன்னு சொன்னாரு. எனக்கு வேலை எல்லாம் அப்படித்தான் வரும்."

"அந்த அக்கவுன்ட் இப்போ இல்ல. அழிச்சாச்சு."

"சார்...?"

"வாசல் கேமராவுல ரெண்டு மணிக்கு உள்ள வந்தது நீங்க மட்டும்தான்."

"பின்னாடி சந்து இருக்கே!"

"அங்க கேமரா இல்ல லா."

அப்போது ஓடி வந்தார் ஒருவர். ரத்னவேல். சுந்தரேசனின் தொழில் பார்ட்னர். கர்சீப்பால் கண்ணைத் துடைத்தவர், ரக்ஷனாவைப் பார்த்ததும் கத்தினார்.

"சார்! இந்தப் பொண்ணுதான் போன மாசம் அவரைத் திருடன்னு போஸ்ட் போட்டா!"

யூசுப்பின் புருவம் உயர்ந்தது.

"ஆமா, போட்டேன்!" ரக்ஷனா நிமிர்ந்தாள். "நான் எடுத்த படத்தைக் கேக்காம அவர் விளம்பரத்துல போட்டாரு. மறுநாளே ஸாரி சொல்லி எடுத்துட்டாரு. நானும் போஸ்டைத் தூக்கிட்டேன். அதோட முடிஞ்சுது!"

"முடிஞ்சுதா? இல்ல, நீங்களே ராஜீவ்னு ஒரு அக்கவுன்ட் திறந்து, நீங்களே மெசேஜ் அனுப்பிக்கிட்டீங்களா?"

போன் அலறியது. அக்கா யாமினி. வங்கியில் நிரந்தர வேலை. யூசுப் தலையசைத்துப் போனை நீட்ட, ரக்ஷனா எடுத்தாள்.

"உன் மெசேஜைப் பார்த்தேன். போலீஸ்கிட்ட மாட்டிக்கிட்டியாமே? எத்தனை தடவை சொன்னேன்டி! முகம் தெரியாதவன் மெசேஜ் அனுப்புனா கேமராவைத் தூக்கிட்டுப் போவியா? முதல்ல எல்லா அக்கவுன்டையும் குளோஸ் பண்ணு!"

"மாட்டேன்க்கா."

"என்னது?"

"ஆறு வருஷமா எனக்குச் சோறு போடுறதே அதுதான். எவனோ ஒருத்தன் கெட்டவன்ங்கிறதுக்காக நான் ஏன் கடையை மூடணும்?"

பேச்சை முடித்தவள் அதே சைட்டில் மளமளவென்று டைப் செய்தாள். ராஜீவின் மெசேஜைப் படமாக ஒட்டி, 'இந்த ஆள் வேற யாருக்காவது வேலை கொடுத்தானா?'

"நிறுத்துங்க!" யூசுப் பாய்ந்தார்.

விரல் அதற்குள் அழுத்திவிட்டது.

"ஆபீஸ் இல்ல, பாஸ் இல்ல. கேக்க நாதியில்லாதவன்னு நினைச்சுத்தானே சார் என்னை இழுத்து விட்டிருக்கான்? நானே கேக்குறேன்!"

அரை மணி நேரம் நகர்ந்தது. பின்னறையில் ஃபிளாஷ்கள் மின்னின. ரக்ஷனா ரத்னவேலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரே நாள் இருந்த போஸ்ட். தூக்கி ஒரு மாதம் ஆயிற்று. அது இவருக்கு மட்டும் எப்படி இத்தனை நினைவு...?

சட்டென்று போனை உயர்த்தினாள்.

"சார்! பதில் வந்துருச்சு!"

"என்ன?"

"பிடோக் ஏரியாவுல ஒரு ட்ரோன் ஆப்பரேட்டர். போன வாரம் இதே ராஜீவ் அவளுக்கும் மெசேஜ் அனுப்பி, காபிக்கடையில நேர்ல பார்த்திருக்கான். போட்டோ வச்சிருக்காளாம். இப்போ அனுப்புறேங்கிறா!"

"பொய்!" ரத்னவேல் கத்தினார். "சுத்தப் பொய்! அந்த அக்கவுன்ட்ல இருந்து இவளைத் தவிர வேற யாருக்கும் மெசேஜே போகல!"

யூசுப் மெல்லத் திரும்பினார்.

"அது உங்களுக்கு எப்படித் தெரியும், மிஸ்டர் ரத்னவேல்?"

ரத்னவேலின் கால்கள் பின்வாசலை நோக்கி இரண்டே எட்டு வைத்தன. சந்தில் நின்ற கான்ஸ்டபிளின் மார்பில் போய் மோதினார்.

"கட்டடத்தை வித்துடலாம்னு கெஞ்சினேன் சார்... பிடிவாதமா மாட்டேன்னுட்டாரு..."

விலங்கு பூட்டப்பட்டது. போகிற போக்கில் ரக்ஷனாவை முறைத்தார்.

"வேலை வெட்டி இல்லாதவ, ஒரு மெசேஜ் போட்டா ஓடி வருவேன்னு நினைச்சேன்..."

"ஓடித்தான் வந்தேன். ஓடிப் போக மாட்டேன்னு உங்களுக்குத் தெரியல!"

ஜீப் கிளம்பியது. யூசுப் கை நீட்டினார்.

"அந்த ட்ரோன் பொண்ணோட போட்டோவைக் காட்டுங்க. கேஸுக்கு வேணும்."

ரக்ஷனா போனைக் கொடுத்தாள்.

பதில்கள்: பூஜ்யம். லைக்: பூஜ்யம்.

"அப்படி ஒரு பொண்ணே கிடையாது சார்."

யூசுப் திகைத்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"அப்போ உங்க அக்கா சொன்னது சரிதான் லா. இந்த சைட்டால ஒரு பிரயோஜனமும் இல்ல!"

"யார் சார் சொன்னது?" கேமரா பையைத் தோளில் மாட்டினாள் ரக்ஷனா. "லைக் ஒண்ணும் விழல... ஆனா கொலைகாரன் விழுந்தானே!"