டாக்டர் பார்த்தாயிற்று

காலையில் அழித்த வரி மறுபடியும் திரையில் இருந்தது. மாத அறிக்கைக்காக அவசரப் பிரிவின் காத்திருப்பு நேரங்களைக் கூட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரியின் புள்ளிவிவர அதிகாரி கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தார். பெண், வயது ஐம்பத்திரண்டு, நெஞ்சுவலி, இடம்: நடைபாதை ஸ்ட்ரெச்சர்.

யாரென்று அவருக்குத் தெரியும். நோயாளி வந்த பத்து நிமிடத்துக்குள் டாக்டர் பார்க்க வேண்டும் என்று மேலிடம் இலக்கு வைத்தபோது, அதற்குக் குறுக்குவழி கண்டுபிடித்த கெட்டிக்காரர் இவர்தான்.

"ஆள் வந்ததுமே, டாக்டர் பார்த்தாச்சுன்னு கம்ப்யூட்டர்ல அமுக்கிடுங்கம்மா," என்று நர்சிடம் சொன்னார்.

"இன்னும் பார்க்கலியே சார்?"

"பார்க்கத்தானே போறாங்க. நேரம் ஓடக்கூடாது, அவ்வளவுதான்."

அமுக்கினால் அவசரப் பிரிவுச் சுவரிலிருக்கும் மின்பலகையில் நோயாளியின் பெயர் பச்சையாகிவிடும். பச்சையான பெயரை டாக்டர்கள் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்த அம்மாள் நாலு மணி நேரம் பச்சையாகவே கிடந்து செத்துப்போனாள். ஆஸ்பத்திரிக்கு விருது கிடைத்தது. பல்லை இளித்துக்கொண்டு மேடையேறி வாங்கிவந்தவரும் இவரேதான்.

வரியை அழித்தார். வந்தது. மறுபடி அழித்தார். இந்த முறை அவள் காத்திருப்பு நேரமும் கூடவே வந்தது: ஆயிரத்துச் சொச்சம் மணி நேரம், நொடிக்கு நொடி ஏறிக்கொண்டிருந்தது.

வெளியே பட்டப்பகல் வெயில். ஆனாலும் அறைக்குள் கிருமிநாசினி வாடையும், அதற்கடியில் பலமணி நேரம் மாற்றாத வியர்வை ஊறிய விரிப்பின் புளித்த நெடியும் மெல்ல மெல்லப் பரவ, நடைபாதையின் கோடியிலிருந்து எண்ணெய் காணாத சக்கரமொன்று கிறீச்சிட்டுக் கிறீச்சிட்டு, ஒவ்வொரு கதவாகத் தாண்டி வந்து, அவர் கதவுக்கு வெளியே நின்றது. கதவின் மங்கல் கண்ணாடியில் படுத்த வாக்கில் ஒரு நிழல். அது எழுந்து உட்கார்ந்தது.

அவர் நெஞ்சுக்குள் ஏதோ இறுகியது. நாற்காலியோடு சாய்ந்தார்.

கண் விழித்தபோது அவசரப் பிரிவின் நடைபாதையில் கிடந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்த வார்டு பணியாளர் ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்து விட்டிருந்தார். அதே நர்ஸ் பக்கத்தில் நின்றாள். அவருக்கு நாக்கு எழவில்லை. அவள் நிமிர்ந்து பலகையைப் பார்த்தாள்.

"டாக்டர் பார்த்துட்டாரே சார். கொஞ்சம் படுத்திருங்க."

போய்விட்டாள்.

பலகையில் அவர் பெயர். பச்சை. யார் அமுக்கியது?

டாக்டர் ஒருவர் கடந்தார். பலகையைப் பார்த்தார். நிற்கவில்லை. இன்னொருவர். அவரும் நிற்கவில்லை. கத்த வாயைத் திறந்தார். ஈரமான விரல்கள் வாயைப் பொத்தின. சில்லென்று. மெதுவாக.

அவருடைய ஸ்ட்ரெச்சரை ஒட்டி இன்னொன்று நின்றது. அதில் ஒருக்களித்துப் படுத்தபடி அந்த அம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அத்தனை நிம்மதி. கையை அவள் எடுக்கவேயில்லை. அவளுக்கு எந்த அவசரமும் இல்லை.