மிச்சம் ஒன்று

வந்திருந்தவர்கள்: மேற்பார்வையாளர் பணிக்கர் சார், கோயா, சுபத்ரா, ரோசம்மா. வருகைப் பதிவேட்டில் ஐந்தாவதாக ஒரு கையெழுத்தும் இருந்தது. இட்டூப். மை காயவில்லை.

பத்து நாள் ஓண விடுமுறை கழித்து திருச்சூர் கணக்கு நிலையம் அன்றுதான் திறந்திருந்தது. மதியமே இருட்டும் மழை. ஈரக் காகித வாடைக்கும் அந்துருண்டை வாடைக்கும் அடியில் வேறொன்று இனிப்பாக நாறியது.

"எலிதான். ஓண சத்யை விருந்து தின்னு வயிறு வெடிச்சிருக்கும்," என்றான் கோயா.

"நீயே வெடிக்கல, அது எங்க வெடிக்கப் போகுது?" என்றாள் சுபத்ரா.

ரோசம்மா சிரிக்கவில்லை.

எட்டு மாதமாக ஒரே எண். 23,27,92,561. இரண்டு முதல் இருபது வரை எதால் வகுத்தாலும் மிச்சம் ஒன்று. இருபதுக்கு மேல் ஏதாவது ஒரு பகா எண் அதை மிச்சமில்லாமல் வகுக்குமா என்று பார்ப்பதுதான் வேலை. ஒருவர் கணக்கு மெஷினின் கைப்பிடியைச் சுற்ற, மற்றவர் மிச்சத்தைச் சொல்லி எழுதுவார். பணிக்கரும் கோயாவும் ஒரு ஜோடி, சுபத்ராவும் ரோசம்மாவும் மறு ஜோடி; இரண்டும் ஒரே கணக்கைத் தனித்தனி அறையில் போடும். ஜோடியில்லாத ஐந்தாமவர் ஜன்னலில்லாத ஸ்டோர் அறையில் விடைகளை நகலெடுப்பார். யாரும் பார்த்து எழுதிவிடாதபடி பணிக்கர் வெளியிலிருந்து பூட்டிவிடுவார்.

விடுமுறைக்கு முந்தைய மாலை ஸ்டோரில் இருந்தவன் இட்டூப். ரோசம்மா குடையை எடுத்தபோது ஸ்டோர் கதவை உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. சார் திறந்துவிடுவார் என்று போய்விட்டாள். திறந்திருப்பார் என்று பத்து நாளும் தனக்கே சொல்லிக்கொண்டாள்.

"சாரே, அன்னைக்கு இட்டூப்ப வெளிய விட்டீங்கல்ல?"

பணிக்கர் பதிவேட்டைத் தட்டினார். "கையெழுத்து போட்டிருக்கானே. போயி கட்டன்சாயா கொண்டு வா."

டீ தம்ளர்களோடு திரும்பி வரும்போது தாழ்வாரத்திலேயே அவள் நின்றாள். தன் அறையில் மெஷின் சுற்றுகிறது. அங்கே சுபத்ரா மட்டும்தான் இருக்க வேண்டும். ஆனால் எட்டு மாதம் முன்பே முடித்த எண்களை அவள் மறுபடி முதலிலிருந்து சொல்லச் சொல்ல, ஓர் ஆண்குரல் பதில் சொன்னது.

"இருபத்தொம்பது."

"மிச்சம் ஒண்ணு."

"முப்பத்தொண்ணு."

"மிச்சம் ஒண்ணு."

இருபதுக்கு மேல் எந்தப் பகா எண்ணுக்கும் ஒன்று மிஞ்சாது. அந்த எண்ணில் ஒன்றைக் கழித்தால் இருபதுக்கு உட்பட்ட பகாக் காரணிகள் மட்டும்தான்; மிஞ்சவே முடியாது.

எட்டிப் பார்த்தாள். அவளுடைய நாற்காலியில் இட்டூப். தலையெல்லாம் தூசி. பேனா பிடித்த விரல்களில் நகம் இல்லை. சுபத்ரா நிமிரவில்லை.

பின்னால் சாவிக்கொத்து குலுங்கியது.

"அஞ்சு பேரு," என்றார் பணிக்கர். "ரெண்டு ரெண்டா போனா ஒண்ணு மிச்சம். வா."

ஓடியிருக்கலாம். தம்ளர்களைக் கீழே வைத்தாள். கால்கள் அவர் பின்னே போயின. பயம்கூட வரவில்லை.

ஸ்டோர் திறந்தது. அந்த நாற்றம். கதவின் உள்பக்கம் முழுக்கக் கீறல். அடியில் சுருண்டு, கதவைப் பார்த்தபடி, இட்டூப். ஊதிப்போன முகம். செத்துப் பல நாள்.

ரோசம்மா உள்ளே போய், தள்ளி நின்று அவனுக்கு இடம் விட்டாள்.

கதவு மூடியது. பூட்டு விழுந்தது.