தலைவர் செய்யக்கூடாதவை

பர்மாவின் யாங்கோன் நகரில், பபேடான் பகுதியில் இன்ஷாவின் வீடு இருந்த கட்டடத்துக்கு ஆறு மாடிகள். 2003-ஆம் ஆண்டு தொடங்கும்வரை ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனித் தண்ணீர் மோட்டார். மின்சாரம் வந்ததும் எல்லா மோட்டார்களும் ஒன்றாக உறுமும். கீழ் வீட்டுக்காரர்கள் குளித்துவிட்டுத் தலை துவட்டுவார்கள். ஆறாவது மாடியில் குழாய் இருமும். தண்ணீர் வராது.

அதனால் எல்லாரும் கூடிப் பேசினார்கள். ஒரே பெரிய மோட்டார், மொட்டை மாடியில் ஒரே தொட்டி, அதைக் கவனிக்க ஒரு குழு என்று முடிவாயிற்று. முதல் மாடி அப்துல் பாரி தலைவரானார். அவர் இரும்புச் சாமான் கடைக்காரர், குழாய் வேலையும் தெரிந்தவர். நான்காவது மாடி பர்கத்துல்லா செயலாளர். அவர்தான் இன்ஷாவின் வாப்பா.

"குழாய் வெடிச்சா உடனே உள்ள போகணும்ல" என்று அப்துல் பாரி ஒவ்வொரு வீட்டிலும் ஒரு மாற்றுச் சாவி வாங்கிக்கொண்டார். ஒரு வீட்டில் இரண்டு பீப்பாய்க்கு மேல் தண்ணீர் சேர்க்கக்கூடாது என்றும் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். தண்ணீர் ஆறாவது மாடிவரை ஏறியது.

மார்ச் மாதத்தில் வெயில் ஏறியது, தொட்டியில் தண்ணீர் இறங்கியது. ஆறாவது மாடி ஜெயம்மா வீட்டில் மூன்று பீப்பாய் இருப்பதாக யாரோ சொன்னார்கள். ஜெயம்மா சந்தைக்குப் போயிருந்தார். அப்துல் பாரி மாற்றுச் சாவியால் கதவைத் திறந்தார். மூன்றாவது பீப்பாய்த் தண்ணீரை இறக்கி மற்ற வீடுகளுக்குப் பங்கிட்டார். இன்ஷாவின் வீட்டுக்கும் இரண்டு வாளி வந்தது.

பதினொரு வயது இன்ஷா பள்ளியிலிருந்து திரும்பியபோது ஒரு வாளித் தண்ணீரில் உம்மா துணி துவைத்து முடித்திருந்தார். தன் தண்ணீர் எங்கே என்று மாடிப்படியில் ஜெயம்மா சத்தம் போடுவது கேட்டது. இன்ஷா மீதி வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே போனாள்.

"இது உங்க தண்ணிதான் அக்கா. தெரியாம வாங்கிட்டோம்."

ஜெயம்மா இட்லி விற்பவர். மறுநாள் ஒரு கல்யாண வீட்டுக்கு முந்நூறு இட்லி தரவேண்டும். அதற்காகத்தான் அந்த மூன்றாவது பீப்பாய்.

"தண்ணி போனாப் போவுது பாப்பா. கேட்டிருந்தா காரணத்தைச் சொல்லியிருப்பேன்" என்றார் ஜெயம்மா. "நான் இல்லாதப்ப என் வீட்டுக்குள்ள எப்படி நுழையலாம்? என் பழைய மோட்டாரையே மாட்டிக்கிறேன். உங்க குழுவும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

ஐந்தாவது மாடிக்காரரும் அதையே சொன்னார். எல்லாரும் மோட்டார் மாட்டினால் குழாய்கள் மறுபடி இரும ஆரம்பிக்கும் என்று இன்ஷாவுக்குத் தெரிந்தது.

வீட்டில் வாப்பாவிடம் கேட்டாள். "தலைவர் செஞ்சது சரியா வாப்பா?"

"சரியில்லதான். ஆனா தலைவருக்கு அதிகாரம் இல்லேண்டா தண்ணி எப்படிம்மா மேல ஏறும்?"

அவர் சொன்னதும் சரியாக இருந்தது, ஜெயம்மா சொன்னதும் சரியாக இருந்தது.

அந்த வாரம் ஆங்கில டியூஷனில் அவள் ஒரு பாடத்தைப் படித்துச் சுருக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. அமெரிக்க வரலாறு. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கொட்டாவியோடு தொடங்கினாள். இரண்டாவது பக்கத்தில் கொட்டாவி நின்றுவிட்டது.

பதின்மூன்று மாநிலங்கள் போரிட்டு விடுதலை பெற்றன. பிறகு ஒவ்வொன்றும் தன் வழியில் இழுத்தது. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வலுவான அரசு வேண்டும் என்று ஒரு பக்கத்தார் சட்டம் எழுதினார்கள். "அந்த அரசு எங்களை என்னவெல்லாம் செய்யக்கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது?" என்று மறுபக்கத்தார் கேட்டார்கள். மாதக்கணக்கில் வாதம் நடந்தது. கடைசியில் அரசும் அமைந்தது, உரிமைகளைச் சொல்லும் பத்துத் திருத்தங்களும் சேர்ந்தன. தக்க காரணமில்லாமல் யார் வீட்டையும் சோதனை போடக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. ஆனால் அந்த நாட்டில் அடிமைகளாக இருந்தவர்களுக்கு அந்த உரிமைகள் கிடைக்கவில்லை.

கடைசி வரியை இன்ஷா இரண்டு முறை படித்தாள். பிறகு ஒரு தாள் எடுத்து, 'தலைவர் செய்யக்கூடாதவை' என்று பர்மிய மொழியில் தலைப்பு எழுதினாள். எல்லாருக்கும் புரிகிற மொழி அதுதான்.

'1. வீட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் யார் வீட்டுக்குள்ளும் நுழையக்கூடாது. குழாய் வெடித்தால் மட்டும், பக்கத்து வீட்டாரைக் கூட்டிக்கொண்டு நுழையலாம். 2. காரணம் கேட்காமல் யார் தண்ணீரையும் எடுக்கக்கூடாது. 3. இது எல்லாருக்கும் பொருந்தும்.'

கீழே உங்கள் வரியையும் சேருங்கள் என்று எழுதி, அதே மாதிரி ஆறு தாள்கள் தயாரித்தாள்.

அந்தத் தெருவில் ஒவ்வொரு மாடியிலிருந்தும் ஒரு கயிறு கீழே தொங்கும். நுனியில் ஒரு கிளிப், மேலே ஒரு மணி. பேப்பர்காரர் கிளிப்பில் செய்தித்தாளை மாட்டிக் கயிற்றை ஆட்டினால் மேலே மணி அடிக்கும். இன்ஷா ஆறு கயிற்றிலும் தாளை மாட்டி ஆட்டினாள். செய்தித்தாள் என்று நினைத்து எல்லாரும் இழுத்துக்கொண்டார்கள்.

மாலைக்குள் தாள்கள் இறங்கி வந்தன. மூன்றாவது மாடிப் பர்மியப் பெண்மணி டோ மியா சீ, 'நான் நப்பி வறுக்கும்போது தலைவர் மூக்கைப் பொத்தலாம். வறுக்காதே என்று சொல்லக்கூடாது' என்று எழுதியிருந்தார். நப்பி என்பது மீன் விழுது. அதன் வாசனை ஆறு மாடிக்கும் போகும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எல்லாரும் படிக்கட்டில் கூடினார்கள். அப்துல் பாரியின் முகம் சிவந்திருந்தது.

"ராத்திரி பகல்னு பாக்காம உழைக்கிறேன். என்னை நம்பலையா நீங்க?"

இன்ஷா ஒரு படி இறங்கி அவர் முன்னால் வந்தாள்.

"நம்புறோம் மாமா. ஆனா நாளைக்கு வேற யாராச்சும் தலைவரா வந்தா, உங்க வீட்டுச் சாவி அவர் கையில இருக்குமே?"

அப்துல் பாரி தாளை வாங்கி முதல் வரியை மறுபடி படித்தார்.

வாப்பா கனைத்தார். "சரிம்மா, இதையெல்லாம் செய்யக்கூடாதுன்னு எழுதினா, எழுதாததையெல்லாம் செய்யலாம்னு ஆயிடாதா?"

"அமெரிக்காவுலயும் இதே கேள்வியைக் கேட்டாங்க வாப்பா. அதுக்கும் ஒரு வரி எழுதிட்டாங்க. பட்டியல்ல எழுதலைங்கிறதால ஒரு உரிமை இல்லைன்னு ஆயிடாதுன்னு."

"அதையும் சேரு" என்றார் வாப்பா.

அப்துல் பாரி முதல் கையெழுத்துப் போட்டார். சாவிகள் ஒரு பெட்டியில் செயலாளர் வீட்டுக்குப் போயின. அப்துல் பாரி ஜெயம்மாவிடம், "நான் கேட்டிருக்கணும்மா" என்று மெதுவாகச் சொன்னார். ஜெயம்மா தன் பழைய மோட்டாரை மாட்டவில்லை.

பத்து நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை, ஜெயம்மா நாலு பேரோடு இன்ஷாவின் வீட்டுக்கு வந்தார்.

"தலைவர் வீட்டுல அஞ்சு பீப்பாய் இருக்கு! ஜன்னல் வழியா நானே பாத்தேன். அவர் கடையில இருக்காரு. சாவியைக் குடுங்க."

வாப்பாவின் கை பெட்டிப் பக்கம் போயிற்று. இன்ஷா பெட்டியின் முன்னால் வந்து நின்றாள்.

"அவர் வீட்டுக்கும் அதே சட்டம்தான் அக்கா."

"என் வீட்டுக்குள்ள நுழைஞ்சாரே, அப்ப எங்க போச்சு சட்டம்?"

"அப்ப எழுதலையே அக்கா. அதனாலதானே எழுதினோம்."

ஜெயம்மா அவளை முறைத்தார். உடன் வந்தவர்கள் அவரைப் பார்த்தார்கள். "சரி, அவரே வரட்டும்" என்று சொல்லி, ஜெயம்மா முதல் மாடிப் படியில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மதியச் சாப்பாட்டுக்கு அப்துல் பாரி வந்தார். விஷயத்தைக் கேட்டதும் தானே கதவைத் திறந்து, ஒவ்வொரு பீப்பாயாக மூடியைத் தூக்கிக் காட்டினார். முதல் பீப்பாயில் தண்ணீர். மற்ற நான்கிலும் கடைக்கான ஆணியும் திருகும்.

"வேணும்னா பங்கு போட்டு எடுத்துக்கோங்க. ஆளுக்கு ஒரு வாளி ஆணி" என்றார்.

முதலில் சிரித்தவர் ஜெயம்மாதான். சிரித்து முடித்ததும் வாசற்படிக்கு வெளியிலேயே நின்று, தலையை மட்டும் நீட்டிக் கேட்டார்.

"அந்தத் தண்ணியில ஒரு டம்ளர் குடிக்கணும். உள்ள வரலாமாண்ணே?"

"வாம்மா" என்றார் அப்துல் பாரி.