தகவல் தந்தவர் கிசியா

“எங்கப்பா சாகல! காலையில மாட்டைக் கறந்துட்டு, ரெண்டு கப் டீ குடிச்சிட்டு, குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்காரு!”

ம்பாலே ஊர்ச் சந்தைக்கு மேல் மாடியிலிருந்த அந்தச் சின்ன வானொலி நிலையத்தின் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள் மினாயோ. தலையிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணிலோ நெருப்பு...

மைக்குக்கு எதிரே உட்கார்ந்திருந்த செய்தி வாசிப்பாளன் அசாவா எழுந்தே விட்டான். நேற்று மத்தியானம் இதே வாசலில், இதே மழையில் வந்து நின்றவள்தானே!

கோபம் வராதா பின்னே? பக்கத்து வீட்டுக் கிசியா செத்துப் போனார். பாவம், ஒண்டிக்கட்டை. ஒரே தங்கை தூரத்தில் கிட்டாலே என்ற ஊர்ப் பக்கம் ஏதோ சோளத் தோட்டத்தில் கூலி வேலை செய்கிறாள். எந்தத் தோட்டமோ, யாருக்கும் தெரியாது. போனும் கிடையாது. ஆனால் மாலை ஆறு மணிக்கு இந்த ரேடியோவில் ஊர்ச் செய்தியும் துக்கச் செய்தியும் வாசிப்பதை மட்டும் தவறாமல் கேட்பாளாம். அதனால்தான் மினாயோவின் அப்பா, குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபையின் செயலாளர் அமுகுனே, கைப்பட ஒரு சீட்டு எழுதி மகளிடம் கொடுத்தனுப்பினார். இறந்தவர் கிசியா, தகவல் தருபவர் அமுகுனே.

அசாவா அதை அப்படியே தலைகீழாக வாசித்து வைத்தான்.

“செத்தவரு தகவல் சொல்றாராம், உயிரோட இருக்கறவரு செத்துட்டாராம்! கிசுமுவிலிருந்து எங்க அத்தை மாரடிச்சிட்டு வந்தாங்க. அப்பாவே கதவைத் திறந்தாரு. அத்தை அங்கேயே மயங்கி விழுந்துட்டாங்க!”

அவனுக்கு உதடு துடித்தது. சிரிப்பா, பயமா...?

“சிரிக்காதீங்க! எங்க வீட்டு முற்றம் பூரா கூட்டம். அந்தக் கிசியாவுக்கு அழ ஒரு ஆள் இல்ல. நாளன்னிக்கு சனிக்கிழமை அடக்கம். கூடப் பொறந்தவ முகம் பாக்காமலே அவரு மண்ணுக்குள்ள போகணுமா?”

அவன் சிரிப்பு செத்துப் போனது. “தப்புதாங்க... இன்னிக்கு ஆறு மணிக்குத் திருத்திச் சொல்லிடறேன்.”

மேலாளர் உள்ளேயிருந்து ஒரு தாளை நீட்டினார். “இதை மட்டும் வாசி. ‘யந்திரக் கோளாறினால் பெயர் மாறிவிட்டது.’ நிலையத்து மானம் போச்சுன்னா உன் வேலையும் போச்சு.”

மினாயோவுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வளர்ந்த வீட்டில் பொய்யில் சின்னது, பெரியது என்று கிடையாது. கோழி விற்றாலும் பேரமில்லாமல் ஒரே விலை. எப்போதும் பேசுவது உண்மைதானே என்று கோர்ட்டில்கூடச் சத்தியம் செய்ய மாட்டார்கள்.

“வாய் இல்லாத மெஷின் மேலயா பழி போடுவீங்க? அப்புறம் நீங்க வாசிக்கிற எந்தச் சாவை ஊரு நம்பும்? அந்தத் தங்கச்சி நம்புவாளா? தப்பு யாருதோ அவங்க வாயாலயே வரணும். முழுசா வரணும். வாசிச்சு முடிக்கிற வரைக்கும் நான் நகர மாட்டேன்.”

சொன்னபடியே கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டாள். நேற்று இதே ஆள்தான் தன் நாற்காலியைக் கொடுத்து, தலை துவட்டத் துண்டும் கொடுத்தான். எவ்வளவு அமைதியான கண்கள் என்று நினைத்தோமே... சே! கண்ணை வைத்துக்கொண்டு என்ன பிரயோசனம், சீட்டு வாசிக்கத் தெரியவில்லையே!

மணி ஆறு. அசாவா தாளைக் கவிழ்த்து வைத்தான்.

“இறந்தது கிசியா. அமுகுனே ஐயா நல்லா இருக்காரு. கிட்டாலே பக்கம் இருக்கற கிசியாவோட தங்கச்சிக்கு ஒரு வார்த்தை... சனிக்கிழமைக்குள்ள வந்துடுங்க. உங்களுக்காகக் காத்திருக்காங்க.” மைக்கை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டான். “மெஷின்ல கோளாறு எதுவும் இல்ல. கோளாறு என்கிட்டதான். சீட்டு கொண்டு வந்த பொண்ணு மழையில நனைஞ்சு நின்னா. அவ போன அப்புறமும் அந்த முகமே கண்ணுக்குள்ள நின்னுச்சு... எழுத்து எதுவும் தெரியல. மன்னிச்சிடுங்க.”

மேலாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். மினாயோவுக்குக் காது மடல் வரை சுட்டது.

“அதை ஏன்யா சொன்னீங்க? நாலு மலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் கேட்டிருக்குமே!”

“முழுசா வரணும்னு நீங்கதானே சொன்னீங்க?”

அவள் தடதடவென்று படியிறங்கிப் போனாள்.

சனிக்கிழமை காலை கிசியாவின் தங்கை வந்து சேர்ந்தாள். ராத்திரியெல்லாம் பஸ்ஸில் வந்த களைப்பு. அண்ணன் முகத்தைத் தடவித் தடவி அழுதாள். கிசியா வீட்டு முற்றம் முழுவதும் அவளோடு சேர்ந்து அழுதது. மினாயோவும் அழுதாள்.

அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்தபோது, வாழைமரங்களுக்குப் பக்கத்தில் அசாவா தயங்கி நின்றான்.

“வேலை போச்சாமே தம்பி?” அமுகுனே கேட்டார்.

“ஆமாங்கையா.”

“ரேடியோவுல சொன்னது நிஜந்தானா?”

“நிஜந்தாங்கையா.”

அப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார். “அவன் பங்கைச் சொல்லிட்டான். நீ என்னம்மா சொல்ற?”

ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் பிறந்துவிட்டாளே... நாக்கு பொய்க்குப் புரள மறுத்தது. அவளுக்குத் தன் மேலேயே எரிச்சல் எரிச்சலாக வந்தது.

“நல்லா கேட்டுக்குங்க, ஒரு தடவைதான் சொல்வேன். எங்கப்பாவைச் சாகடிச்ச கோபம் எனக்கு இன்னும் தீரல. தீரவும் தீராது.” மூச்சு வாங்கியது. “ஆனா... பிடிச்சிருக்கு. போதுமா?”