கதவைத் தட்டும் பொடியன்

பெரியத்தை இறந்த பிறகு அந்த வீட்டில் யாராலும் நிம்மதியாகக் குளிக்க முடியவில்லை.

குளியலறைக் கதவைச் சாத்தியதுமே டொக் டொக் என்று சத்தம் வரும்.

"உள்ள இருக்கீங்களா?"

"இருக்கேன்டா."

கொஞ்ச நேரத்தில் மறுபடியும் டொக் டொக்.

"இன்னும் இருக்கீங்களா?"

"உடம்பெல்லாம் சோப்பைப் போட்டுக்கிட்டு எங்கடா போவேன்?" என்று உள்ளேயிருந்து சித்தப்பா கத்துவார்.

தட்டுவது பொடியன். ஆறு வயது. அவனுடைய அக்காவுக்கு வயது பத்து. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு நல்ல பெயர் ஒன்று இருந்தாலும் வீட்டில் எல்லோருக்கும் அவள் வாயாடிதான். தூங்கும்போது மட்டும்தான் அவள் வாய்க்கு விடுமுறை என்பார் தாத்தா.

பொடியன் சரியாகச் சாப்பிடுவதில்லை. பேச்சும் குறைந்துவிட்டது. எந்தக் கதவு மூடியிருந்தாலும் ஓடிப்போய்த் தட்டினான். துணி அலமாரியைக்கூட விட்டுவைக்கவில்லை. சேட்டை என்றார் சித்தப்பா. துக்கம் என்றாள் அம்மா. ஆளாளுக்கு அவனை மடியில் உட்கார வைத்து, "மனசுல என்ன இருக்கு, சொல்லுடா கண்ணா" என்று குடைந்தார்கள். மனநல ஆலோசகர் வளர்த்த குடும்பம் அல்லவா? அங்கே ஒருவர் தும்மினால்கூட, "ஏதாவது கவலையா?" என்றுதான் கேட்பார்கள். பொடியன் வாயை இன்னும் இறுக்கமாக மூடிக்கொண்டான்.

பெரியத்தைதான் அந்த மனநல ஆலோசகர். தாத்தாவின் அக்கா. தன் அப்பாவும் அம்மாவும் சீக்கிரமே இறந்துவிட, தம்பி தங்கைகளை வளர்த்து ஆளாக்கியவர். கடைசித் தம்பியான தாத்தாவை இடுப்பில் வைத்துக்கொண்டே பரீட்சைக்குப் படித்தாராம். வேலைக்குச் சேர்ந்த மருத்துவமனையில் மாடிப்படிக்கு அடியில், துடைப்பம் வைக்கும் அறையைத்தான் அவருக்குக் கொடுத்தார்கள். அங்கே உட்கார்ந்துதான் ஊராரின் கவலைகளைக் கேட்கத் தொடங்கினார். பிறகு வீட்டு முன்னறையிலேயே கேட்டார். தலை முழுக்க நரைத்த பிறகும் கேட்டார். தபால்காரர் உட்பட எல்லோருக்கும் அவர் பெரியத்தைதான்.

அவர் அறைக் கதவின் கைப்பிடியில் சில நேரம் ஒரு சிவப்பு அட்டை தொங்கும். உள்ளே யாரோ மனம்விட்டுப் பேசுகிறார்கள் என்று அர்த்தம். அப்போது யாரும் தட்டக் கூடாது.

"வீடு தீப்பிடிச்சா மட்டும் தட்டுங்க. அதுவும் மெதுவா" என்பார்.

வேலையை விட்ட பிறகு மதியத் தூக்கத்துக்கு அதே அட்டையை மாட்டிக்கொண்டார். போன மாதம் ஒரு மதியம் அப்படித்தான் அட்டை தொங்கியது. பொழுது சாய்ந்தும் அவர் வெளியே வரவில்லை. கதவைத் திறந்து பார்த்தபோது பெரியத்தை நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் கிடந்தார். உயிர் போய் வெகுநேரம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவருக்கு நினைவுக் கூட்டம் ஏற்பாடு செய்திருந்தார்கள். காலையில் வாயாடி நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பொடியன் பெரியத்தையின் அறை வாசலில் நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தான். கதவு அகலத் திறந்துதான் கிடந்தது. உள்ளே யாரும் இல்லை.

என்னடா செய்கிறாய் என்று கேட்க வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். போன வருடம் அவள் தோழியின் ஓவியத்தைக் கிழித்துவிட்டு வந்து அழுதபோது, எல்லோரும் ஏன் ஏன் என்று துளைத்தார்கள். பெரியத்தை மட்டும் எதுவும் கேட்கவில்லை. காய்ந்த காலுறைகளைக் கொண்டுவந்து கொட்டி, "ஜோடி சேர்க்கலாம், வா" என்றார். பாதிக் காலுறைகள் முடிவதற்குள் அவளாகவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

வாயாடி துணிக்கூடையைத் தூக்கி வந்தாள். "கொஞ்சம் உதவி பண்ணுடா" என்று மட்டும் சொன்னாள்.

இருவரும் காலுறைகளை ஜோடி சேர்த்தார்கள். அவள் பிறந்ததிலிருந்து அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததே இல்லை. நாக்கு நமநமவென்றது. கடித்துக்கொண்டாள்.

"சத்தம் கேட்டுச்சுக்கா" என்றான் பொடியன்.

அவள் இன்னொரு காலுறையைத் தேடி எடுத்தாள்.

"நான் வெளியில பொம்மைக் கார் ஓட்டிக்கிட்டு இருந்தேன். உள்ள தொம்முனு விழுந்துச்சு. ஆனா அட்டை தொங்குச்சு. தட்டக் கூடாதுல்ல? அதான் தட்டல." அவன் கையிலிருந்த காலுறையை முறுக்கினான். "தட்டியிருந்தா பெரியத்தை செத்துருக்க மாட்டாங்களாக்கா?"

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லிவிட அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்குத் தெரியாதே.

"எனக்குத் தெரியலடா. தெரிஞ்சவங்களைக் கேட்டுச் சொல்றேன்."

"நான்னு சொல்லாதே."

"சொல்ல மாட்டேன்."

மாலையில் கூடம் நிரம்பியது. பேருந்து ஓட்டுநர் ஒருவர் எழுந்து, ஒரு விபத்துக்குப் பிறகு தன்னால் வண்டியில் ஏறவே முடியவில்லை என்றார். "காலி பஸ்ஸுல பெரியத்தை எனக்குப் பின்னாடி வந்து உட்கார்ந்துக்குவாங்க. நான் மறுபடி ஓட்டுற வரைக்கும் தினம் வந்தாங்க." ஒரு தலைமையாசிரியை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சின்ன வயசுல அந்த அறையில நான் சொன்னதை எங்கம்மாகிட்டகூட அவங்க சொல்லல. இன்னைக்கு வரைக்கும் வேற யாருக்கும் தெரியாது" என்றார்.

எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது வாயாடி பக்கத்துத் தெரு டாக்டரிடம் போனாள். பெரியத்தையை அன்று வந்து பார்த்தவர் அவர்தான்.

"டாக்டர், பெரியத்தை விழுந்த உடனே யாராவது உள்ள போயிருந்தா பிழைச்சிருப்பாங்களா?"

மெதுவாகக் கேட்பது எப்படி என்று அவளுக்குத் தெரியாது. கூடம் முழுக்கக் கேட்டுவிட்டது.

டாக்டர் தேநீரைக் கீழே வைத்தார். "இல்லம்மா. இதயம் நின்னதாலதான் விழுந்திருக்காங்க. இங்க வீட்டுல யாராலயும் காப்பாத்தியிருக்க முடியாது. நானே பக்கத்துல இருந்திருந்தாலும் முடிஞ்சிருக்காது."

"எதுக்கு அதைக் கேக்குற?" என்றார் தாத்தா. அவர் முகம் வெளுத்திருந்தது. "விழுந்த சத்தம் உனக்குக் கேட்டுச்சா?"

வாயாடி தரையைப் பார்த்தாள்.

"கேட்டுட்டு சும்மாவா இருந்தே? நாள் பூரா வாய் ஓயாம பேசுவியே. அன்னைக்கு ஒருத்தரைக் கூப்பிட வாய் வரலையா உனக்கு?"

தாத்தா அவளை ஒருநாளும் அப்படித் திட்டியதில்லை. எல்லோரும் அவளையே பார்த்தார்கள். "சொல்லுடி" என்றாள் அம்மா. நான் இல்லை, தம்பிதான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. வாயை மட்டும் அவள் திறக்கவில்லை.

"அக்கா இல்ல."

பொடியன் நாற்காலிகளுக்கு நடுவே நுழைந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"எனக்குத்தான் கேட்டுச்சு. அட்டை தொங்குச்சுன்னு நான்தான் தட்டல."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பொடியன் டாக்டரைப் பார்த்து, "நீங்க சொன்னது நிஜமா?" என்று கேட்டான்.

"நிஜம்டா கண்ணு."

அப்போதுதான் தாத்தா அழ ஆரம்பித்தார். அந்தப் பெரிய மனிதர் அத்தனை பேர் முன்னால் தோள் குலுங்க அழுதார்.

"நானும் கேட்டேன்டா. அடுத்த அறையிலதான் இருந்தேன். ஏதோ புத்தகம் விழுந்துச்சுன்னு நினைச்சு, பேப்பரைப் புரட்டிட்டே இருந்துட்டேன். என்னைத் தூக்கி வளர்த்த அக்கா."

பொடியன் அவரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உங்களை யாராவது திட்டுனாங்களா தாத்தா?"

"இல்லடா. நானேதான் தினம் திட்டிக்கிட்டு இருந்தேன்."

பொடியன் அவர் மடியில் ஏறி உட்கார்ந்தான். அவர் சட்டையின் நுனியை இழுத்து அவர் கண்ணையே துடைத்துவிட்டான்.

"இனிமே திட்டாதீங்க. நானும் என்னைத் திட்டல" என்றான்.